மகேஸ்வரி அழிக்காத ஃபோல்டர்

துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் சிஸ்டம் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து உள்ளே நுழைந்தபோது, டிராயிங் ரூமில் முதலாளி கத்திக்கொண்டிருந்தார். எதிரே டிராயிங் போடும் மகேஸ்வரி நின்றார்.

"நாலு மாச டிராயிங்மா! ரெண்டே ரெண்டு ஃபைல்தான் மிச்சம் இருக்கு."

"நான் அழிக்கல சார்."

"சனிக்கிழம கடைசியா வேலை பாத்தது நீங்கதான? கிளம்புங்க. நாளைலேர்ந்து வர வேணாம்."

வையம்பட்டியிலிருந்து தினமும் வருகிறவர் மகேஸ்வரி. ஆறு வருடத்தில் ஒரு அளவு தப்பாகப் போட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சர்வர் லினக்ஸ். டிராயிங் ரூமில் விண்டோஸ். முதலாளியின் மருமகன்தான் மேனேஜர். அவரிடம் மேக் லேப்டாப். மூன்றும் ஒரே ஃபோல்டரைத் திறக்கும்படி சாம்பா என்ற சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தது நான். ஆளுக்கொரு லாகின் வைக்கலாம் என்றேன். "எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் போதும். ஓவரா பண்ணாதீங்க" என்றார் மருமகன். நானும் தலையாட்டினேன். அதற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

யார் எப்போது எந்த ஃபைலைத் தொட்டார்கள் என்று பதிவாகும் சர்வர் லாகைத் திறந்தேன். யூசர் பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான். நல்லவேளை, எந்த மெஷின் என்று ஐபி அட்ரஸ் காட்டிக்கொடுத்தது. மருமகனின் மேக்! இரண்டு டிராயிங்கை மட்டும், சர்வர் ஃபோல்டரின் அதே பெயரில் தன் மேக்கில் ஒரு ஃபோல்டர் போட்டு, அதில் வைத்துத் திருத்திவிட்டு, சனிக்கிழமை சாயந்திரம் அதை அப்படியே சர்வரில் இழுத்துப் போட்டிருக்கிறார். விண்டோஸ் என்றால் பழையதோடு சேர்த்துக்கொள்ளும். மேக்கில் 'ரீப்ளேஸ்' அழுத்தினால் பழைய ஃபோல்டர் மொத்தமாகப் போய்விடும், புதிதாகப் போட்டது மட்டும்தான் இருக்கும். மேக் ஒரு வார்த்தை கேட்டிருக்கும். இவர் படிக்காமல் அழுத்தியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பேக்கப்பிலிருந்து, சனிக்கிழமை ஒரு நாள் வேலை தவிர எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் மீட்டேன். லாகைப் பிரின்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைத்தேன்.

படித்துவிட்டு, "சரி, ஃபைல் வந்துருச்சுல்ல, விடுங்க" என்றார்.

"அந்தம்மாவக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

"மாப்பிள்ளைய எல்லார் முன்னாடியும் தல குனிய வைக்கச் சொல்றீங்களா?"

மகேஸ்வரியை எல்லார் முன்னாடியும் விரட்டியபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது? வெளியே வந்து நானே ஃபோன் செய்தேன்.

"ஃபைல் கிடைச்சிருச்சுங்க. தப்பு உங்க மேல இல்ல. திரும்பி வாங்க."

"சார் கூப்பிடச் சொன்னாரா?"

"இல்லங்க. நானாத்தான் கூப்பிடுறேன்."

"அப்ப வேணாங்க. பஸ் ஏறிட்டேன்."

அன்றைக்கே யாரையும் கேட்காமல் ஆளுக்கொரு லாகின் போட்டேன். முதல் லாகின் மருமகன் பெயரில். அவர் முறைத்தார், நானும் முறைத்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பொதுப் பாஸ்வேர்ட் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள், மேலே இருப்பவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பாஸ்வேர்ட் எல்லோருக்கும் பொதுவாக இருந்தாலும் பழி பொதுவாக விழாது. அது மகேஸ்வரி மாதிரி ஒருவர் தலையில்தான் விழும். நான் முடியாது என்று சொல்லவில்லை. வேலை போனது அவருக்கு.