ஸ்கேட்டுக்குப் போட்ட பூஜை

மலேசியாவில் பத்தாங் காலி மாதிரிச் சின்ன ஊரில் ஒரு பெண்பிள்ளை ஐஸ் மீது சறுக்கக் கற்றுக்கொள்கிறாள் என்றால் ஊர் அதை லேசில் விடாது. விசாரித்தவர்களில் பாதிப்பேர் நாங்கள் ஐஸைச் சீவிப் பாகு ஊற்றி விற்கும் ஐஸ் கச்சாங் கடை போடப்போவதாக நினைத்தார்கள். கலும்பாங்கில் இருக்கும் என் நாத்தனார் மட்டும் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாள். "மழை பெஞ்சா எங்க வாசல்ல சும்மாவே சறுக்கும் லா அண்ணி. பிள்ளைய இங்க அனுப்புங்க, நல்லா கத்துக்கட்டும்" என்றாள். மகள் ஒரு மெடலாவது வாங்கி அந்த வாயை அடைக்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மகளுக்கு என்ன ஆசை என்று கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமைதோறும் கோலாலம்பூர்ப் பக்கம் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் பனித்தளத்துக்கு அவளைக் கூட்டிப்போவேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். உள்ளே நான் இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, காலுறைக்கு மேல் ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர்ச் செருப்பு சகிதம் உட்கார்ந்திருப்பேன். முதல் வகுப்பில் விழுவதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு எழுந்து நிற்க, நடக்க, நிறுத்த, ஒற்றைக் காலில் போக, பின்பக்கமாகப் போக, திரும்ப, குதிக்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வு; தேறினால் அடுத்த லெவல்.

தேர்வு பிள்ளைகளுக்கு என்றுதான் பெயர். அம்மாக்கள் உட்காரும் பெஞ்சில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கமாட்டார்கள். "உங்க பிள்ளை எந்த லெவல்?" என்பார்கள். பதிலைக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்து இடம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மகள் ஒற்றைக் காலில் போனபோது எனக்குப் பாதி இடம் கிடைத்தது. பின்பக்கமாகப் போனபோது முழு இடம். பதினோரு வயதில் அவளைப் போட்டிக் குழுவில் சேர்த்தபோது முதுகு சாய்க்க வசதியான மூலையே என்னுடையதாகிவிட்டது. அதன்பின் புதிதாக வந்த அம்மாக்களிடம் நானும் லெவல் கேட்டேன். கூச்சமே இல்லை.

முதல் போட்டி வந்தது. முந்திய நாள் ஸ்கேட்டைத் தீட்டிக் கொடுத்தார்கள். பூட்ஸின் அடியில் இருக்கும் அந்த இரும்புத் தகட்டின் இரண்டு ஓரமும் கூராக இருக்கவேண்டும். பனியைப் பிடித்து நிற்பது அதுதான். ஐஸைத் தவிர வேறெங்கும் அதை வைக்கக்கூடாது, தரையில் நடந்தால் ரப்பர் உறை போடவேண்டும் என்று கோச் வாராவாரம் சொல்வார். கோச் சின்ன வயதுச் சீனப் பெண். குரல் மட்டும் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலைவாங்கும் மண்டோர் குரல்.

ஆனால் எங்கள் வீட்டில் எந்த வண்டியும் எலுமிச்சம்பழம் நசுக்காமல் வாசல் தாண்டியதில்லை. கணவரின் மோட்டார் சைக்கிள், என் கார், மாமனாரின் சக்கர நாற்காலி, எல்லாமே நசுக்கிவிட்டுத்தான் கிளம்பின. மகளைச் சுமக்கப்போகும் ஸ்கேட்டை மட்டும் வெறுமனே விடுவேனா?

போட்டியன்று காலை வாசல் சிமெண்டுத் தரையில் அவளை ஸ்கேட் போட்டு நிறுத்தினேன். விபூதி வைத்துச் சூடம் காட்டி, கால் ஒன்றுக்கு ஒரு பழம் வைத்தேன்.

"மா, உறைய கழட்டாதீங்க. சிமெண்ட்ல பட்டா போச்சு லா!"

"உறையோட நசுக்கினா பலன் உறைக்குத்தான் போகும். சாமி விஷயத்துல எதுத்துப் பேசாத."

பழம் இரண்டு முறை உருண்டு ஓடியது. மூன்றாம் முறை முழுக் கனத்தையும் போட்டு மிதிக்கச் சொன்னேன். பழம் நசுங்கியது, தகடு தரையில் கர்ரென்று இழுபட்டது. கண் திருஷ்டி போக அப்படியே மூன்று சுற்று சுற்றச் சொன்னேன். சுற்றினாள். எனக்குப் பல் கூசியது. அதை வீடியோ எடுத்து நாத்தனாருக்கும் அனுப்பிவைத்தேன்.

மகளின் ஆட்டம் இரண்டு நிமிடம்கூட இல்லை. முதல் வளைவிலேயே கால் பக்கவாட்டில் வழுக்கி விழுந்தாள். எழுந்து குதித்தாள், விழுந்தாள். சுழலப் போனாள், பிடிப்பில்லாமல் மறுபடி விழுந்தாள். இசை முடியும்வரை விடாமல் ஆடி, வணக்கமும் சொல்லிவிட்டு வந்தாள். "ஐஸ் சரியில்ல" என்று பக்கத்து அம்மாவிடம் சொன்னேன். அவர் மகள் அதே ஐஸில் சற்றுமுன்தான் பம்பரமாகச் சுற்றிவிட்டு வந்திருந்தாள்.

கோச் ஸ்கேட்டைக் கழற்றி, தகட்டின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். கூரான தகடு நகத்தைச் சீவும்; இது சீவவே இல்லை. தகட்டுக்கும் பூட்ஸுக்கும் நடுவே ஓர் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "யார் இதைப் போட்டுக்கொண்டு தரையில் நடந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் வாய் சாதாரண வாய் இல்லை. நான் வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலையில் மேனேஜரே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார். அந்த வாய் அன்று திறக்கவில்லை.

"நான்தான் கோச். வீட்டில் பழகினேன்" என்றாள் மகள்.

ஸ்கேட்டை மதிக்கத் தெரியாதவளுக்குப் போட்டிக் குழுவில் இடமில்லை, அடுத்த வாரத்திலிருந்து ஆரம்ப வகுப்பு என்றார் கோச். அப்போதும் சும்மா நின்றேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

காரில் கேட்டேன். "ஏன்டி அப்படிச் சொன்ன?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அவங்க உங்கள திட்டியிருந்தா நீங்க என்னை நிறுத்தியிருப்பீங்க. டான்ஸ் டீச்சர் உங்கள ஒரு வார்த்தை சொன்னாங்க, மறுவாரம் நான் போகல. நீச்சலும் அப்படித்தான். என்னைத் திட்டினா பரவால்ல மா. நான் முதல்லேர்ந்து ஏறி வந்துடுவேன்."



அடுத்த சனிக்கிழமை ஆறு வயதுப் பிள்ளைகளின் வரிசையில், அவர்களைவிட இரண்டு மடங்கு உயரமாக, அவளும் கைகளை நீட்டிக்கொண்டு போனாள். அதற்குமேல் என்னால் என் மூலையில் உட்கார முடியவில்லை. கோச்சிடம் போய் எலுமிச்சம்பழம், மூன்று சுற்று, எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி திட்டினார். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று மலாயிலும் ஒரு தடவை திட்டினார். நாக்கு நுனியில் இரண்டு பதில்கள் தயாராக வந்து நின்றன. இரண்டுமே நல்ல பதில்கள்.

அப்போதுதான் பார்த்தேன். மகள் வரிசையை விட்டு ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தாள்.

"கயித்த கட்டு. கிளாஸ் இன்னும் முடியல" என்று கத்திவிட்டு, மீதித் திட்டையும் வாங்கிக்கொள்ளக் கோச் பக்கம் திரும்பினேன்.