அக்காவின் நீலக் கதிரை

நீல நிறப் பிளாஸ்டிக் கதிரை. ஒரு கைபிடியில் வெடிப்பு. கிளிநொச்சியில் எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் சுழல்கதிரைகள் வரிசையாக இருக்க, அக்கா இதைத்தான் இழுத்துக்கொண்டு திரிவார். தரையில் அது கிறீச்சிட்டால், யாரோ ஒருவருடைய மேசைக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறார் என்று அர்த்தம். உட்கார்ந்து, "சொல்லுங்கோ" என்பார். அவ்வளவுதான், ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் வந்துவிடும். இப்போது அந்தக் கதிரை என் அறையில் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

பொறாமைதான், வேறென்ன? எங்கள் நிரலாளர் குழுவுக்கு ஆட்களைத் தேடிப் பிடித்து வேலை பழக்கியவன் நான். பொறுப்பாளர் பதவி எனக்குத்தான் என்று வீட்டிலும் சொல்லிவைத்திருந்தேன். அம்மா கோயிலுக்கு நேர்த்தியும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, பூவரசங்குளத்திலிருந்து இந்த அக்கா பொறுப்பாளராக வந்து இறங்கினார். நான் எழுதும் நிரலில் பாதிகூட அவருக்கு எழுத வராது. ஆட்களோடு நன்றாகக் கதைப்பவராம். கதைக்க யாருக்குத்தான் தெரியாது!

இரண்டு வாரத்துக்கொருமுறை வேலை பிரிக்கும் கூட்டம் நடக்கும். ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று ஆளுக்கொரு எண் அட்டையை ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். குழுவில் இருக்கும் பிள்ளைகள் என் அட்டையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அதையே தூக்குவார்கள். அவர்களுடைய அண்ணா நான் ஐந்து என்றால் எல்லோரும் ஐந்து. மூத்தவர் சொன்னதற்கு மேலே காட்டுவது எங்கள் பக்கத்தில் எதிர்த்து வாய்காட்டுவதற்குச் சமம். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

முதல் கூட்டத்திலேயே அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்புங்கோ பாப்பம். உங்கட அண்ணாவும்தான்." முதுகு காட்டி உட்கார்ந்து அட்டை தூக்கினோம். நான் ஐந்து. வட்டக்கச்சியிலிருந்து வேலைக்கு வரும், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் பிள்ளை பதின்மூன்று! எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா நீலக் கதிரையை அவளருகே இழுத்துப் போட்டார்.

"ஏனம்மா பதின்மூண்டு?"

"நிரலில பழைய பகுதியைத் தொட்டா மற்றதெல்லாம் உடையும் அக்கா. போனமுறையும் அதுதான் பிந்தினது."

"அப்ப ஏன் போனமுறை சொல்லேல்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணா அஞ்சு எண்டவர்..."

அவள் சொன்னபடிதான் நடந்தது. எங்களுக்கு அந்த வேலையைத் தந்த லண்டன்காரரிடம் முன்கூட்டியே கூடுதல் நாள் தவணை கேட்டதால் தப்பினோம். பாராட்டெல்லாம் அக்காவுக்கு. வேலை முடிந்த அன்று தேநீர் குடிக்கும்போது என்னிடமும் வந்து உட்கார்ந்தார். "அவைக்கு உங்களில பயமில்லைத் தம்பி, மரியாதை. அதுதான் கரைச்சல்." நான் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினேன். என்னை அண்ணா என்கிறார்கள், அவரை அக்கா என்கிறார்கள். இரண்டும் ஒரே வீட்டு உறவுதானே? அந்தப் பிள்ளைக்கு வேலை பழக்கியது நான். அவள் மனம்விட்டுக் கதைத்தது வந்து ஒரு கிழமையாகாத மனுசியோடு.

போன வருடம் அக்கா கணவரோடு கனடா போய்விட்டார். பதவி எனக்கு வந்தது, அறை வந்தது, கதிரையும் வந்தது. அம்மா நேர்த்தியை முடித்தார். நானும் அதே கதிரையை அதே மாதிரி இழுத்துக்கொண்டு போய் "சொல்லுங்கோ" என்று பார்த்தேன். கிறீச்சென்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணா." நானும் எத்தனை தரம்தான் கேட்பது!

போன கிழமையும் அதே பதில். கொஞ்ச நேரத்தில் வெளியே படிக்கட்டில் தங்கச்சியின் குரல் கேட்டது. கைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். "இந்தமுறை முடிக்க ஏலாது அக்கா. அண்ணாட்ட என்னெண்டு சொல்லுறது?" கனடாவிலிருந்து அக்கா என்ன சொன்னாரோ, இவள் சிரித்தாள். என்னோடு கதைக்கும்போது அவள் அப்படிச் சிரித்ததேயில்லை. நான் அறைக்குள் வந்து கணினியை முறைத்துக்கொண்டிருந்தேன்.

கதவு தட்டப்பட்டது. தங்கச்சி வந்து, மூலையில் கிடந்த நீலக் கதிரையை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். அதே கிறீச். உட்கார்ந்தாள். எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் இதற்கு!

"அண்ணா, ஒண்டு சொல்லவேணும். உங்களோடயே நேர கதைக்கச் சொல்லி அக்கா சொன்னவா."

"சொல்லுங்கோ" என்றேன்.