ஆணி அடிக்க ஒரு சுவர்

கல்யாணமாகி வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் வந்திறங்கிய அன்று, எனக்கென்று கொடுத்த வீட்டில் வேறொரு அம்மாவின் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்துப் பெக்டரிக்குப் புது டீமேக்கர். கொழுந்தை வாடப்போடுவதிலிருந்து தூள் பெட்டியில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. பழைய டீமேக்கருக்கு வயது முடிந்து வேலை நின்றுவிட்டது. வேலை நின்றால் வீடும் நின்றது என்றுதான் அங்கே கணக்கு. அவருடைய கட்டிலும் பெட்டிகளும் வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அந்த அம்மா சோற்றுப் பானையை முந்தானையால் பிடித்து இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "அடுப்பு அணையல தாயி, அதுலயே பால காய்ச்சிக்க" என்றார். கொஞ்சம் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அவர் மூட்டிய நெருப்பில்தான் என் முதல் பாலைக் காய்ச்சினேன்.

இந்த நிலைமை எனக்கு வரக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எவளோ ஒருத்தி மூட்டை முடிச்சோடு வாசலில் நிற்க, நான் சோற்றுப் பானையோடு வெளியே போவதா? ஆகாது.

வந்த மாதமே அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த முருகன் படத்தை மாட்ட முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தேன். குவாட்டர்ஸ் பார்க்க வந்த பெரிய கிளாக்கர் படத்தைப் பார்க்கவில்லை, ஆணியைத்தான் பார்த்தார். "யார கேட்டு ஆணி அடிச்சீங்க? தொரை பாத்தா என்னைய கேப்பாரு" என்றார். ஆணியைப் பிடுங்கி, ஓட்டையைச் சுண்ணாம்பு குழைத்து அடைக்க வேண்டியதாயிற்று. அதோடு முருகன் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் சுவரில் சாய்ந்து நின்றவர்தான். என் இரண்டு பெண் பிள்ளைகளும் தவழ்ந்த காலத்தில் எத்தனையோ தடவை குப்புற விழுந்திருக்கிறார், பாவம்.

அந்தக் கிளாக்கர்கூட பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கு அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டதுதான் கொடுமை. கொல்லையில் பலாக்கன்று நட்டால் "யார கேட்டு நடுற?" ஜன்னல் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் பூசினால் "யார கேட்டு பூசுற?" நல்ல மனுஷன், தங்கமான மனுஷன். பெக்டரிக்குள் போனால் புலி. வெளியே வந்தால் இந்த ஒரு கேள்விதான் அவர் வாயில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அவருக்கும் வயது முடியும் காலம் வந்தது. தூளும் குளிரும் சேர்ந்து அவர் நெஞ்சில் இழுப்பு வேறு. தோட்டத்து டாக்டர் ஐயா, "சூடான ஊராப் பாத்துப் போங்க, மலை இனி உங்களுக்கு ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டார். ஊருக்கே, அதாவது திருச்சிப் பக்கம், போய்விடலாம் என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை உண்டா இல்லையா என்று மனு எழுதிப்போட்டுவிட்டுக் காத்துக்கிடந்த காலம் அது. ஆனால் அந்த ஊரை நான் கண்ணாலும் பார்த்ததில்லை. பார்க்காத ஊர் எனக்கு எப்படி ஊராகும்? கொழும்பில் என் கொழுந்தனார் இருந்தார், துணிக்கடையில் வேலை, வெள்ளவத்தையில் வாடகை வீடு. கடல் பக்கமாக ஒரு வீடு வாங்குவோம் என்று நான் சொன்னேன். வீட்டுக்காரர் வாய் திறப்பதற்குள், "உங்களத்தான் கேக்குறேன், வேற யாரையும் கேக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டேன்.

அடுத்த டீமேக்கரும் அவர் மனைவியும் குவாட்டர்ஸைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்தப் பொண்ணு என் கண் முன்னாலேயே திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன். சீனி போடாமல் கொடுத்தேன். மறுவாரமே லீவு போட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வீடு பார்க்க நாங்கள் கொழும்புக்கு ரயில் ஏறினோம்.

மலையில் மழை அடித்துக் கொட்டும் மாதம் அது. ஆளுக்கொரு கம்பளிச் சுவெட்டர், குடை, என் கூடையில் ஒரு கேத்தல், எங்கள் பெக்டரித் தூள் ஒரு டப்பா. "தூள் எதுக்கு மதினி? கொழும்புல தேத்தண்ணிக் கடையே இல்லையா?" என்று கொழுந்தனார் கோட்டை ஸ்டேஷனிலேயே சிரித்தார். எங்கள் வீட்டில் எந்தப் புதுத் தண்ணீரையும் முதலில் தேத்தண்ணி போட்டுத்தான் பார்ப்போம். மலை ஊற்று குழாயாக விழும் ஒரு பீலியில் எடுத்த தண்ணீருக்கு நிறம் பிடிக்கும், இன்னொரு பீலியில் எடுத்தால் செத்த நிறம் வரும். பெக்டரியில் பழகினவர்களுக்கு அது பல் தேய்ப்பது மாதிரி.

முதல் வீடு தெஹிவளையில். நாங்கள் போனபோது அங்கேயும் மழை, சாயங்காலம். வாசல்படி ஏறியதும் என் வீட்டுக்காரர் மேலே பார்த்தார், ஒழுகவில்லை. சுவரைத் தட்டினார், ஒரு முழத்துக்குத் தடிப்பு. ஜன்னல்கள் சின்னச் சின்னதாக, சாத்தினால் ஓர் ஊசிக் காற்று உள்ளே வராது. கூரை கைக்கெட்டும் உயரம். அடுப்படி வீட்டுக்கு நடுவில், மூட்டினால் வீடு முழுக்கச் சூடு பரவும். "அடேயப்பா, எவ்வளவு கதகதப்பு!" என்றார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? "அப்படியே பொத்தி வச்ச மாதிரி இருக்குங்க" என்று நானும் ஒத்து ஊதினேன். மலையில் வீடு பார்ப்பதென்றால் அப்படித்தானே பார்ப்போம்! வீட்டுச் சொந்தக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வெயில் வந்தது. எங்கே அலமாரி, எங்கே கட்டில் என்று பார்க்கலாமென்று பகலில் போனோம். உள்ளே கால் வைத்ததும் மூச்சு முட்டியது. கொழுந்தனார் வாசலைத் தாண்டவே இல்லை. "மதினி, இது வீடு இல்ல, பாண் போறணை. மாவு பெசஞ்சு உள்ள வச்சா பாணா வெந்து வெளிய வரும்" என்றார்.

எனக்கு அசடு வழிந்தது. ஆனால் என் வீட்டுக்காரர், "வாக்கு குடுத்தாச்சு. பழகிரும்" என்று நின்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "சரிங்க, பழகிப் பாப்போம். சாப்பிட்டுட்டு இங்கயே ஒரு தூக்கம் போடுங்க. எந்திரிச்சு வந்து நல்லாருக்குன்னு சொன்னீங்கன்னா நான் வாய தொறக்க மாட்டேன்" என்றேன். ரோஷக்காரர். பாயை விரித்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். சுவெட்டரைக்கூடக் கழற்றவில்லை. நாங்கள் வெளியே தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தோம். கொழுந்தனார், "அண்ணன் வெந்திருப்பாரு" என்பார், நான் "இருங்க தம்பி, இன்னும் செவக்கணும்" என்பேன். ஒரு வழியாகக் கதவு திறந்தது. மழையில் நனைந்த கோழி மாதிரி வந்து நின்றார். நேரே வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், "மன்னிச்சுக்குங்க, நாங்க மலைக்காரங்க, தெரியாம கேட்டுட்டோம்" என்றார். அந்த மனுஷனும் சிரித்துவிட்டார். "நேத்து நீங்க ஜன்னலப் பாத்து சந்தோஷப்பட்டப்பவே நெனச்சேன்" என்றார். நினைத்தவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

அடுத்தது வெள்ளவத்தையில், கொழுந்தனார் ஆசைப்பட்ட வீடு. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடல். முன்னறையில் நின்றால் கண் கொள்ளாத தண்ணீர். என் வீட்டுக்காரர் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார், இழுப்புச் சத்தமே இல்லை. எனக்கும் மனசு ஆடியது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கண் சுவருக்குத்தான் போனது. அங்கே யாரோ படம் மாட்டியிருந்த ஆணி ஒன்று. தொட்டேன், துருவாக உதிர்ந்து கையில் வந்தது. அதன் கீழே சுவரில் செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

"உப்புக் காத்து மதினி, அப்படித்தான் இருக்கும். ஆணியப் பாத்து வீடு வாங்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார் கொழுந்தனார்.

"எனக்கு ஆணி நிக்கணும் தம்பி" என்றேன்.

கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கேத்தலில் கொதிக்க வைத்துத் தேத்தண்ணி போட்டேன். எங்கள் தூளுக்கு அப்படியொரு நிறம் வந்து நான் பார்த்ததே இல்லை, சேற்றுத் தண்ணீர் தோற்றது. பாலை ஊற்றினேன், திரிந்து திரிதிரியாக மிதந்தது. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தன் கையால் ஆக்கிய தூளுக்கு வந்த கதியைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்திருக்கும். கடலும் வேண்டாம், கப்பலும் வேண்டாம் என்று கிளம்பினோம்.

அதற்குப் பிறகு ரத்மலானை பார்த்தோம், கல்கிசை பார்த்தோம். ஒன்று பிடித்தால் ஒன்று இல்லை. லீவு முடியப்போகிறது. அந்தப் பொண்ணு ஜன்னலை அளந்த நாடா என் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. வெறுங்கையோடு ரயில் ஏறினால், மழையில் சாமானோடு நிற்கப்போவது நான்தான். கொழுந்தனார் கடைக்கு வரும் ஒருவர் சொல்லி, கடைசியாக வடக்குப் பக்கம், களனி ஆற்றுக்கு அப்பால், ஹேந்தலைக்கு பஸ் ஏறினோம்.

வாய்க்காலைத் தாண்டி, மாதா கோயிலைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் ஒரு வீடு. கடல் கண்ணுக்குத் தெரியாது. காதைக் கொடுத்தால் தூரத்தில் இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான். ஆளுயர ஜன்னல்கள், எல்லாம் எதிரெதிரே. உயரக் கூரை. இந்தத் தடவை என் வீட்டுக்காரர் உள்ளே போனதும் செய்த முதல் வேலை ஜன்னலையெல்லாம் திறந்ததுதான். காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது. சுவரில் பழைய ஆணிகள் இருந்தன. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

வீட்டுக்காரி ஒரு சிங்கள நோனா, கணவர் இல்லை, மகள் வீட்டோடு போகப்போகிறவர். நான் கேத்தலை எடுத்ததும் ஆச்சரியமாகப் பார்த்தாலும் அடுப்பைக் காட்டினார். கிணற்றில் நானே வாளி விட்டேன். கொதித்தது, தூளைப் போட்டேன், இறக்கி ஊற்றினேன். வந்தது பாருங்கள் ஒரு நிறம்! நல்ல செம்பு நிறம். எங்கள் பீலித் தண்ணீரில் வருகிற அதே நிறம். என் வீட்டுக்காரர் கோப்பையை வாங்கி, பெக்டரியில் செய்கிற மாதிரியே 'சர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, பழக்கதோஷத்தில் முற்றத்தில் துப்பினார்.

நோனாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "ஐ மஹத்தயா, ஹொந்த நெத்த?" என்றார். நன்றாக இல்லையா என்று கேட்கிறார்.

"ஹொந்தாய் நோனா, ஹொந்தாய்! நல்லதத்தான் துப்பிப் பாப்போம்" என்று என் வீட்டுக்காரர் சிங்களமும் தமிழுமாகக் கலந்தடித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்ற?" என்றார். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சரியென்று தலையை ஆட்டினேன். நோனா மிச்சத் தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, அந்தத் தூள் டப்பாவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயரில் எழுத வேண்டுமென்று சொன்னது என் வீட்டுக்காரர்தான், நான் கேட்கவில்லை.

குவாட்டர்ஸை விட்டுக் கிளம்பின நாளில், புது டீமேக்கர் வருவதற்கு முதல் நாளே, சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டேன். அடுப்பைச் சாம்பல் இல்லாமல் வழித்து, மெழுகி, காய்ந்த விறகு ஒரு கட்டு பக்கத்தில் வைத்தேன். அந்தப் பொண்ணு தன் கையால் மூட்டிக்கொள்ளட்டும். அவள் மேல் இருந்த கோபமும் அதோடு போய்விட்டது. பலா மரத்தை மட்டும் போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

ஹேந்தலையில் பால் காய்ச்சிய அன்று, பிள்ளைகள் ஜன்னல் ஜன்னலாக ஓடிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தனார் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். நான் முருகன் படத்தையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். பழைய ஆணிகள் இருந்தன, ஆனால் எனக்குப் புது ஆணிதான் வேண்டும். ஸ்டூலில் ஏறி, நட்டநடுச் சுவரில் வைத்து ஓங்கி ஓர் அடி அடித்தேன். வீடே அதிர்ந்தது.

பின்னறையிலிருந்து என் வீட்டுக்காரர் பதறிப்போய் ஓடிவந்தார். "ஏய், ஏய்! யார கேட்டு ஆணி அடிக்கிற?"

நான் ஸ்டூலில் நின்றபடியே திரும்பிப் பார்த்தேன்.

"என்னயத்தான் கேட்டேன். அடிச்சுக்கன்னு சொல்லிட்டேன்."

அவர் சிரித்தார் பாருங்கள், இழுப்பு வந்துவிடுமோ என்று நான் பயப்படுகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பாக்கி ஆணிகள் இருந்த பொட்டலத்தைக் கொண்டுவந்து என் பக்கம் நீட்டினார்.