வாய்க்கால் வல்லாரை

மலைச்செடிகள் மருந்துக்கு ஆகுமா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், தேயிலைக்கு நடுவே ஓடும் வாய்க்காலோரம் பறித்து வந்த வல்லாரையின் சாறு, தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை ஒன்று விடாமல் கொன்றது. எங்கள் தலைவர் அன்றைக்கே எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

உறுதி செய்துகொள்ள, தேயிலையே இல்லாத சோலைக்காட்டிலிருந்து வல்லாரை கொண்டுவந்து சோதித்தேன். ஒரு செல்லும் சாகவில்லை. எஸ்டேட் இலையைத் திரும்பவும் பரிசோதித்தபோதுதான் விஷயம் புரிந்தது. செல்களைக் கொன்றது கீரை இல்லை, தேயிலைக்கு அடித்த பூச்சிக்கொல்லி.

"சாம்பிள் வீணாப்போச்சு, தூக்கிப் போடுங்க" என்றார் தலைவர். அவ்வளவுதான் அவர் கவலை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வாய்க்காலைக் காட்டியதே அங்கே கொழுந்து பறிக்கும் ஒரு அக்காதான். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். வல்லாரையும் தேங்காய்த் துருவலும் பிசைந்த சம்பல் இல்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் காலையிலேயே எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அவருடைய வீட்டுக்குப் போனேன்.

"தேயிலைக்கு அடிக்கிற விஷம் அந்தக் கீரையில ஏறியிருக்குங்க அக்கா. இனிமே தொடாதீங்க."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். உள்ளறையில் ஓர் ஆண் விடாமல் இருமிக்கொண்டிருந்தார்.

"கீரையை நான் விட்டுடறேனுங்க. டேங்கை முதுகுல கட்டிக்கிட்டு தினமும் அந்த விஷத்தை அடிக்கிறதே எங்க வீட்டுக்காரர்தான். அவர் எதை விடறதுங்க?"