தவக்கால மொட்டுகள்

குஷாய்குடா குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கம்பிவேலி முழுக்க, கையில் கட்டும் ராக்கி போல வட்டமாகப் பூக்கும் ராக்கிப் பூக்கொடி. செகந்திராபாத்தில் எங்கள் மாதா கோயில் மதிலில் படர்ந்திருந்த கொடியிலிருந்து அம்மா ஒரு துண்டு வெட்டி வந்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, வேர் பிடிக்கும்வரை ஈரச்சாக்கு போட்டு மூடி வளர்த்தது. பூவின் ஊதா இழைகளை இயேசுவின் முள்முடி என்பாள். நடுவில் நிற்கும் மூன்று தண்டுகளையும் அவரை அறைந்த ஆணி என்பாள்.

தவக்காலத்தில் கோயில் பீடத்தில் பூ வைக்க மாட்டார்கள். அதனால் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அம்மாவும் கொடியில் ஒரு பூவை விரிய விடமாட்டாள். காலையில் மொட்டுகளைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிப் போட்டுவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "கொடிக்குமா நோன்பு?" என்று கத்துவேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அம்மா இறந்துபோனாள். அடுத்து வந்த தவக்காலத்தில், கொடி இஷ்டத்துக்குப் பூக்கட்டும் என்று இருந்தேன். ஒன்றுகூட விரியவில்லை. வேலியடியில் தினமும் கிள்ளிய மொட்டுகள் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்துத் திட்டினேன். நாங்கள் இல்லை அக்கா என்று தெலுங்கில் அழுதார்கள்.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார்.

"தண்ணி பிடிக்கப் போறப்பல்லாம் வேலிகிட்ட அவ்வளவு நேரம் நின்னு என்னம்மா பண்றே?"

"நான் எங்கே நிக்கிறேன்? நேரா குழாயடிக்குத்தான் போறேன்" என்று சீறிவிட்டு, சோற்றைப் பிசையக் கை வைத்தேன்.

என் கட்டைவிரல் நகத்துக்குள் பச்சையாக இருந்தது.