பன்னிரண்டாவது நாற்காலி

தவக்காலம் என்று சொன்னாலே எனக்கு மூக்கில் ஏறுவது ப்ளீச்சிங் பவுடரின் நெடிதான். மற்றவர்களுக்குச் சாம்பலும் குருத்தோலையும் நினைவுக்கு வரலாம். நானோ பன்னிரண்டு வயதில் அந்த நாற்பது நாளும் மாலையானால் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எலுமிச்சைத் தோலில் அந்தப் பவுடரைத் தொட்டுத் தொட்டு அப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குக் குமாரபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. நூல் அலசுகிற தொட்டிக்குள் வெறுங்காலோடு நின்று நின்று, கணுக்கால்வரை நீலமும் சிவப்புமாகச் சாயம் ஏறி, நகமெல்லாம் கருத்துப்போயிருக்கும். அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை, அந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று உபதேசியார் பட்டியலை வாசிக்கும்வரை. உபதேசியார் என்றால் கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவர். சாமியார்கள் மாறுவார்கள், அவர் மாறமாட்டார். தவக்காலத்தின் முடிவில் வருகிற பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோலச் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அதற்கான பட்டியலில் பன்னிரண்டாவதாக அப்பாவின் பெயர் வந்தது. புதிதாக வந்திருந்த சாமியார், எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். எங்கள் தெருவிலிருந்து அதுவரை ஒருவரும் அந்த நாற்காலிப் பக்கம் போனதில்லை. எங்கள் தெரு என்றால் எந்தத் தெரு என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தவக்காலத்துக்கு வழக்கமாக உள்ளதெல்லாம் எங்கள் வீட்டிலும் உண்டு: பெரியவர்களுக்கு "ஒருசந்தி", அதாவது நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு, கறி, மீன் என்று "கவிச்சி" கிடையாது, தலையில் பூ கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது, வெள்ளிக்கிழமைதோறும் முழந்தாள் வலிக்கச் சிலுவைப்பாதை. தாழ்ச்சியைக் கற்றுக்கொள்கிற காலம் என்று பிரசங்கத்தில் வாய் ஓயாமல் சொல்வார்கள். அப்பா அதற்கும் மேலே போய், மேஸ்திரியைக் கெஞ்சிக் கூத்தாடி, கூலி குறைந்தாலும் பரவாயில்லை என்று நூல் காயப்போடும் வேலைக்கு மாறிக்கொண்டார்.

"நல்லா அழுத்தித் தேய் கண்ணு, சாமியாரு வாயி வெக்கற எடமாக்கும்" என்பார். பவுடர் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, கழுவறதுக்குத்தானுங்க கூப்புட்டிருக்காங்க? அழுக்கா இருந்தாத்தானுங்க கழுவோணும்?" என்று கேட்டாள். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு புள்ள" என்று அப்பா எரிந்து விழுந்தார். அம்மா கேட்டதுதான் சரி. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, எண்ணெய் தடவிக்கொண்டுதான் கோயிலுக்கு வருவார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

பெரிய வியாழனுக்குள் தோலில் இருந்த சாயம் போய்விட்டது. நகத்தில் இருந்தது போகவில்லை. அப்பா முதல் ஆளாகப் போய், புது வேட்டியில், பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் முன்னால் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது, கேட்டது. பூசை தொடங்குவதற்குச் சற்று முன்பு உபதேசியார் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்து, அப்பாவிடம் குனிந்தார்.

"தப்பா நெனச்சுக்காதப்பா. சாமியாரு முத்தங் குடுக்கற காலு, நகத்தப் பாரு எப்படி இருக்குதுன்னு. அடுத்த வருசம் பாத்துக்கலாம். வந்தது வந்துட்ட, கூஜாவப் புடிச்சுக்க."

அப்பா எழுந்துவிட்டார். அரிசி மில்காரர் மகன் ஷூவைக் கழற்றிக்கொண்டே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அப்பா கூஜாவைத் தூக்கிக்கொண்டு சாமியாரின் பக்கத்தில் குனிந்து நடந்து, பன்னிரண்டு பேர் காலுக்கும் தண்ணீர் ஊற்றினார். எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் கேட்ட அதே சாமியார் ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார், அடுத்த காலுக்குப் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் செய்தது என்ன? பக்கத்துப் பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். அதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை. அடுத்த வருடம் எங்கள் தெருவிலேயே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார். சாயத் தொட்டியைக் கண்ணாலும் பார்க்காத கால் அவருக்கு. அவரையும் கூப்பிடவில்லை. நகமாம், நகம்!

அதன்பிறகு அப்பா ஒருசந்தியை விட்டதில்லை; பெரிய வியாழன் பூசைக்கு மட்டும் போனதில்லை. இப்போது அந்தப் பட்டறை இல்லை. உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டியாயிற்று. கால் கழுவப் பெண்களைக்கூட உட்காரவைக்கிறார்கள். எண்பதை நெருங்குகிற அப்பாவின் காலில் சாயத்தின் சுவடே இல்லை.

இந்தத் தவக்காலத்தில் புதுச் சாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். சின்னப் பையன், நல்ல மாதிரி. "ஐயா, இந்த வருசம் பெரிய வியாழனுக்கு நீங்க வந்து உக்காரணும்" என்றார்.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார்.

"எத்தன நாளைக்கு முன்னாலிருந்துங்க சாமி தேய்க்கோணும்?"

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சாமியார் சிரித்தார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தார்.