கத்திரி வெயிலில் ஒரு பனிமலைப் பனை

யுத்தம் முடிந்த மறு வருஷம், மாசிக் கடைசியில், என் அக்காவின் கணவர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தோடு திருத்தணி ஸ்டேஷனில் இறங்கினார். தகரத்தில் முழங்கால் உயரக் கன்று ஒன்று இருந்தது. நான்கு வருஷம் வடக்கே ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவருவார் என்று அம்மா எதிர்பார்த்திருந்தாள். பெட்டி ஒன்றுதான். அதிலும் பாதிக்கு மேல் கம்பளி.

கன்று ஒரு பனை என்றார். அவர் வேலை பார்த்த இமயமலைப் பக்கம், அல்மோராவுக்கு மேலே மலைச்சரிவில் வளர்வது. குளிர்காலத்தில் அதன் ஓலைமேல் பனி ஒரு சாண் உயரத்துக்குக் கிடக்குமாம். வெயில் வந்ததும் உதறிவிட்டு நிற்குமாம். அக்கம்பக்கத்தார் மறுக்காமல் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊரிலிருந்து திருவாலங்காடு வரை வரப்புக்கு வரப்பு பனைதான். அந்த ஊருக்கு ஐந்து நாள் ரயிலில் பனங்கன்று சுமந்து வந்தவரை என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

பாவா அதைப் பின்பக்கத்தில் கிணற்றுக்கு அருகே நட்டார். அக்கா புருஷனைப் பாவா என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நட்ட அன்று மாலை அவர் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றினார். பக்கத்துத் தெருவில் பனை ஏறுகிறவர் ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் மதுவிலக்கு வருவதும் போவதுமாக இருந்ததால் சில வருஷம் கள் இறக்குவார், சில வருஷம் நுங்கு விற்பார். அவர் வேலிக்கு அப்பால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"தண்ணி ஊத்தறேன்."

"பனைக்கா?"

"ஆங்."

"முப்பது வருசமா ஏறிகினு கீறேன். பனைக்குத் தண்ணி ஊத்தற மனுசன இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார்.

கன்று வந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த மலையில் ஒரு வெள்ளைக்கார விதவைக்குப் பழத்தோட்டம் இருந்தது. ஓய்வு நேரத்தில் பாவா அங்கே போய் ஒத்தாசை செய்திருக்கிறார். தோட்டத்து மேஸ்திரி வேலையும் இரண்டு அறை வீடும் தருவதாக அந்த அம்மாள் சொல்லியிருந்தாள். வைகாசி முடிவதற்குள் வந்து சேர வேண்டும். அக்காவை அழைத்துப் போகத்தான் பாவா வந்திருந்தார்.

அம்மா சம்மதிக்கவில்லை. அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் மூவர். நான் பட்டணத்துப் பத்திரிகை ஒன்றுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டு பாதி நாள் வெளியே திரிவேன். அம்மாவுக்குத் துணை அக்காதான். ஆனால் அதை அம்மா சொல்லவில்லை. குளிரைச் சொன்னாள்.

"மார்கழிக்கே ரெண்டு போர்வை கேக்கறவ. அந்தப் பனியில எப்படிப் பொழைப்பா?"

"பனியில வளர்ந்த மரம் திருத்தணி வெயில்ல பொழைச்சா, திருத்தணிப் பொண்ணு பனியில பொழைக்க மாட்டாளா அத்தே?" என்றார் பாவா.

இதில் தர்க்கம் இல்லை என்று எனக்குப் பட்டது. அம்மாவுக்கு அது பிடித்துப்போயிற்று. கத்திரி வெயிலில் எங்கள் வீட்டு முருங்கையே துவண்டு கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். "சரி மாப்பிள்ளே. கத்திரி கழியட்டும். மரம் உயிரோட இருந்தா கூட்டிகினு போங்க. செத்துட்டா இங்கயே அரக்கோணத்துல ஒரு வேலையப் பாருங்க" என்றாள். பாவா ஒப்புக்கொண்டார். அக்காவை யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் கன்று நன்றாகவே இருந்தது. விசிறி போல ஒரு புது ஓலைகூட விட்டது. சித்திரை பிறந்ததும் ஓலை நுனிகள் காப்பிப்பொடி நிறமாயின. பாவா மேற்குப் பக்கம் ஒரு தட்டி கட்டினார். அது பனையோலைத் தட்டி. பனை ஏறுகிறவர் அதையும் வந்து பார்த்தார்.

பகலில் பாவாவால் கன்றைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. வரும்போது தோட்டத்துக்கு வேண்டிய கருவிகளை இங்கேயே வாங்கிவரச் சொல்லியிருந்தாளாம் அந்த வெள்ளைக்கார அம்மாள். அரிவாள், கிளை கழிக்கிற கவாத்துக் கத்தி என்று அரக்கோணத்துப் பட்டறைகளில் அலைந்தார். தண்ணீர் ஊற்றுவது அக்காவின் வேலையாயிற்று. காலையில் இரண்டு குடம் ஊற்றச் சொல்லியிருந்தார். அவள் மாலையிலும் இரண்டு குடம் ஊற்றினாள். உச்சிவேளையில் ஈரச் சாக்கை அடியில் சுற்றினாள். அதைச் செய்யும்படி யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு நான் பின்பக்கம் போனேன். தட்டி இடம் மாறியிருந்தது. கன்று முழு வெயிலில் நின்றது. காற்று என்று நினைத்தேன். அன்று காற்றே இல்லை. மறுநாள் அதே நேரத்தில் போனபோது அம்மா தட்டியைத் தூக்கி நகர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "துணி காயணும், மறைக்குது" என்றாள். கொடியில் துணி இல்லை. அரை மணி நேரத்தில் அக்கா வந்து தட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். இப்படி ஒன்பது நாள் நடந்தது. தினமும் போய்ப் பார்த்தேன். இருவரும் ஒருவருக்கொருவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி ஒரே பாயில் படுத்தார்கள். பாவா வெளியே கயிற்றுக் கட்டிலில்.

இதற்கிடையில் பனை ஏறுகிறவர் உதவி செய்துவிட்டார். அந்தக் கன்றின் அடிப்பாகத்தைச் சுற்றிப் பழுப்பாக, தடிமனாக நார் இருக்கும். யாரும் இல்லாத நேரத்தில் வேலி தாண்டி வந்து அதை முழுக்கச் சீவி எடுத்துவிட்டார். பாவா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"யோவ், அது அதோட சட்டைய்யா! குளிருக்குப் போட்டுகினு இருக்கிறது!"

"சித்திரையில எவனுங்க சட்டை போடறான்?" என்றார் அவர். அவர் மேல் சட்டை இல்லை.

அம்மா உள்ளிருந்து, "திருத்தணிக்கு வந்துட்டு மொட்டை போடாம போவலாமா? போட்டாச்சி, விடுங்க" என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். அந்த மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒரு தடவை.

கத்திரி முடிந்த மறுநாள் காலை எல்லோரும் கன்றைச் சுற்றி நின்றோம். ஆறு ஓலைகளும் காய்ந்து தொங்கின. நடுவில் குருத்து மட்டும் விரல் நீளத்துக்குப் பச்சையாக நின்றது. பச்சையாக இருப்பதால் உயிர் இருக்கிறது என்றார் பாவா. கீரையைப் பிடுங்கிப் போட்டாலும் இரண்டு நாள் பச்சையாகத்தான் இருக்கும் என்றாள் அம்மா. பனை ஏறுகிறவரைக் கூப்பிட்டு அனுப்பினோம். இந்த மரத்தைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டது அதுவே முதல் முறை. உடனே வந்தார்.

"பனைன்னா குருத்துதாங்க உயிரு. உள்ள அழுகியிருந்தா புடிச்சி இழுத்தா கையோட வந்துடும். வரலேன்னா பொழைச்சிகினு கீது. அவ்ளோதான்" என்றார். இழுக்கக் குனிந்தார்.

"நீ இழுக்காதே. அம்மா இழுக்கட்டும்" என்றாள் அக்கா.

அம்மா அவளைப் பார்த்தாள். "நான் எதுக்கு?"

"நீதான் இழுக்கணும். வந்துட்டா நான் போவல. அப்புறம் ஒருத்தர் மேலயும் கொறை சொல்ல மாட்டேன்."

"போகணும்னு இருக்குதாடி உனக்கு?"

மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒருவர் கேட்டார். அக்கா, "ஆங்" என்றாள்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். குருத்தை இரண்டு விரலால் பிடித்தாள். தினமும் ஐம்பது குடம் இறைக்கிற கை அது. அவள் இழுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த இழுப்புக்குக் கறிவேப்பிலை இணுக்குகூட வந்திருக்காது.

"வரல" என்றாள்.

"கெட்டியாப் புடிச்சி இழுங்கம்மா" என்றார் பனை ஏறுகிறவர்.

"இழுத்தாச்சிபா. வரல. நீ போய் வேலையப் பாரு."

குருத்து உண்மையில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் இழுத்துப் பார்க்கவில்லை. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாவாவிடம் திரும்பினாள்.

"அங்க புளி கெடைக்குமா?"

"கெடைக்காதுங்க அத்தே."

அம்மா உள்ளே போய்ப் புளிப்பானையை இறக்கினாள். முறத்தில் கொட்டிக் கொட்டை எடுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்காவும் போய் எதிரே உட்கார்ந்தாள்.